பக்கவாசல்

மாசி ஏழாம் தேதி, திங்கட்கிழமை. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, காபி குடித்துவிட்டு, அடி அண்ணாமலையில் எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தையும் மன்றத்தையும் இடித்துக் கட்டும் இடத்துக்குப் போனேன். மேற்பார்வை என் பொறுப்பு.

சித்தாள்களில் ஒருவர் ஊர்க்கோடித் தெருக்காரர். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடு. செங்கல் சுமந்து பக்கவாசலில் நுழையும்போதெல்லாம் செருப்பை வெளியே கழற்றிவிடுவார். சுவரே இன்னும் இடுப்புயரம்தான்.

“போட்டுக்கினே வாங்கம்மா, ஆணி கெடக்குது.”

“பழகிடுச்சு சார். பழைய கூடத்துல எங்க தெருவுக்கு இந்த வாசல்தானே விட்டாங்க? புதுசுலயும் எதுக்கு சார் இது?”

பழைய அஸ்திவாரத்தின் மேலேயே வரைபடம் போட்டதில், அந்த வாசலும் யாரும் யோசிக்காமல் கூடவே வந்திருந்தது. “காத்துக்கும்மா” என்றேன்.

“காத்துக்கு ஜன்னல் போதாதா சார்?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “வைகாசியில என் பொண்ணு கல்யாணம் இங்கதான். அவ எந்த வாசல்ல வரணும்னு இப்பவே சொல்லிடுங்க.”

“முன்வாசல்லதான்.”

அவர் பக்கவாசலைப் பார்த்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மேஸ்திரியிடம் சொல்லி அந்த வாசலை அடைக்க வைத்தேன். அதற்கு முதல் செங்கற்களை அந்த அம்மாவே கொண்டுவந்தார், முன்வாசல் வழியாக. அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். அது பழக்கமா, மரியாதையா என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை.