பூங்கொடி அக்கா காப்பி கொண்டுவராத பேச்சு

பூங்கொடி அக்கா போய்விட்டார். காலையில் நித்யா போன் செய்து சொன்னாள். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். நான் பெங்களூரிலிருந்து வரும் பஸ்ஸில் இருக்கிறேன். தொப்பூரில் லாரி கவிழ்ந்து ஒரு மணி நேரமாக வண்டி நகரவில்லை. இறங்கவும் வழியில்லை, இருக்கவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... கோவைக்குப் பக்கத்தில் தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில், இயற்பியல்காரர்கள் வந்து தங்கி வேலை செய்ய ஓர் இல்லம் இருக்கிறது. 1930களில் ஒரு மில் முதலாளி கட்டிய பங்களா. மூன்று வாரம் ரூம், சாப்பாடு, சுவரெல்லாம் கரும்பலகை. கிளாஸ் கிடையாது, மீட்டிங் கிடையாது.

பதிலுக்கு ஒன்றே ஒன்று. ஞாயிறு மாலை ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நம் வேலையை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.

அக்கா அங்கே மேனேஜர். கிணத்துக்கடவுக்காரர், பி.காம். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை முந்தின நாளே சமையல்கட்டில் அவரிடம் பேசிக் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவர் தலையாட்டினால்தான் வெளியே நாற்காலி போடுவார்கள்.

பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் தேங்காய் மூடிகளுக்கு நடுவே நின்று திருதிருவென்று முழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதலில் போனது பி.எச்.டி. முடித்த கையோடு, என் கைடு சாருடன். எங்கள் பேப்பர் அப்போதுதான் வெளிவந்திருந்தது. எங்கள் கணக்கில் வந்த எண்ணும் லேபில் அளந்த எண்ணும் அச்சு அசலாகப் பொருந்தின. வேலைக்கு இன்டர்வியூ வந்ததே அதனால்தான்.

அங்கே ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். முதல் நாள் டீ குடிக்க வெளியே கிளம்பினேன். "ஏனுங்க சார், டீதானுங்க? நா போட்டுத் தாரேன். வெளிய போனா பெரியவரு நிப்பாரு" என்றார் அக்கா. யானையைச் சொன்னார்.

சனிக்கிழமை சமையல்கட்டில் நான்கு டம்ளர்களை வைத்து ஆரம்பித்தேன். இவை அணுக்கள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் இழுக்கும். அப்படியானால் மொத்தம் பன்னிரண்டு இழுப்பு. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் எங்கள் எண் வந்துவிடும் என்றேன்.

அக்கா டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, எங்கூட்டுக்கும் பக்கத்தூட்டுக்கும் வேலித் தகராறுன்னா அது ஒரு தகராறுதானுங்களே? நீங்க எங்கூட்டுல ஒண்ணு, அவங்கூட்டுல ஒண்ணுன்னு எண்ணிப்போட்டீங்க. எனக்கு ஆறுதானுங்க வருது."

சிரித்தேன். "பேப்பர்ல அதைப் பாதியாக்கிடுவோம்க்கா" என்றேன். அக்கா தலையாட்டினார். ரூமுக்கு வந்தேன். சும்மா ஒரு தடவை பேப்பரை எடுத்துப் பார்த்தேன்.

பாதியாக்கவில்லை.

ஐந்தாம் பக்கத்திலேயே அந்த அரை விட்டுப்போயிருந்தது. அந்தப் பக்கம் நான் போட்டது. சார் என்னை நம்பித் தாண்டிப் போயிருந்தார். அரையைச் சேர்த்தால் எண் எங்கேயோ போகிறது.

அடுத்த ரூமில் சார் யாரிடமோ போனில் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எழுந்து எங்காவது நடந்துவிட்டு வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசினேன். அதே பன்னிரண்டு. நல்ல கைதட்டல். சார் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பேச்சு முடிந்ததும் அக்கா காப்பித் தட்டோடு வருவது வழக்கம். அன்றைக்கு வரவில்லை. உள்ளே போனேன்.

"பாதியாக்கறோம்னீங்க, இன்னைக்கும் பன்னெண்டுதானுங்க சொன்னீங்க. நானா வெளிய சொல்ல மாட்டேனுங்க சார். அது நீங்க சொல்ல வேண்டியதுங்க. ஆனா இந்தப் பேச்சுக்கு என்னையக் காப்பி கொண்டாரச் சொல்லாதீங்க."

அப்புறம் வேலை கிடைத்தது. கல்யாணம், ஹவுசிங் லோன், புரமோஷன்... எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பேப்பர். அடுத்த வருஷம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்று எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். ஓட்டினேன் என்ன ஓட்டினேன், மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

வருஷா வருஷம் அங்கே போனேன். அந்தப் பேச்சைத்தான் கேட்பார்கள், அதையே பேசினேன். அக்கா நாற்காலி போடச் சொல்வார், ஆனால் ஒரு தடவைகூடக் காப்பி கொண்டுவரவில்லை.

மற்றபடி ஒரு குறை வைத்ததில்லை. எனக்குப் பிடிக்குமென்று இடியாப்பம் மாதிரியான சந்தகை செய்து போடுவார். "நல்லாச் சாப்புடுங்க சார், எளச்சுப்போட்டீங்க" என்பார்.

நித்யா, சாரின் புது மாணவி. என் பேப்பரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மேலே போகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷமாக எண் பொருந்த மாட்டேன் என்கிறது. இப்போது அந்த இல்லத்தில்தான் இருக்கிறாள். காலையில் செய்தி சொல்லிவிட்டு அழுதாள்.

"படிப்ப உட்டுறலாம்னு இருக்கேனுங்க சார். எனக்கு அறிவு பத்தலீங்க. நேத்து அக்காகிட்டச் சொன்னேன். 'ஒரு வாரம் பொறு கண்ணு, நா அந்த சாருகிட்டப் பேசறேன்'னாங்க. எதுக்கு உங்ககிட்டப் பேசறேன்னாங்கன்னு தெரியலீங்க."

எனக்குத் தெரியும். போனில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

நித்யா, உன் கணக்கு சரி. என் பேப்பரில் ஐந்தாம் பக்கம், மூன்றாவது வரி. அதை அரையால் பெருக்கு. தப்பு என்னுடையது, தெரிந்தே மறைத்தேன். படிப்பை விடாதே.

சாரை இந்தப் பதிவில் டேக் செய்திருக்கிறேன். சார், இங்கே சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. நீங்கள் கூப்பிட்டால் எடுப்பேன்.

வண்டி இன்னும் அதே இடத்தில்தான். இனிக் கிளம்பினாலும் முகம் பார்க்க முடியாது.

போயிட்டு வாங்கக்கா...