பச்சையின் மேல் பூசிய சிவப்பு

கண்டியில் பழைய இங்கிலாந்துக் கார் படுத்துவிட்டால் என் பட்டறைக்குத்தான் வருவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே என்ன நோய் என்று சொல்லிவிடுவேன்.

எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: இரண்டு பேர் உட்காரும், கூரை மடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். ஹுன்னஸ்கிரியவில் ஒரு கொட்டகையில் துருவேறி, நிறம்கூடத் தெரியாமல் கிடந்தது. இருக்கையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கோழிகளை இறக்கிவிட்டு வாங்கி வந்தேன். உளுத்துப்போன மரச்சட்டத்தைக் கழற்றிப் பலாமரத்தில் புதிது இழைத்தேன். தகடெல்லாம் நானே தட்டி எடுத்தது. சிவப்புப் பூசி ஓட்டினால், பேராதெனியப் பாலத்தில் பஸ்காரனே வழிவிட்டான்.

ஆனால் கார் என் பெயரில் இல்லை. இங்கே பலர் செய்வதுதான்: சொந்தக்காரர் வாங்குபவர் பெயர் எழுதாத வெறும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், பெயர் மாற்றாமலே வண்டி கைமாறும். இது நாலு கை மாறியதில் யாரோ பத்திரத்தைத் தொலைத்துவிட்டார்கள். பதிவுப் புத்தகத்தில் இன்னும் ஒரு டாக்டர் அம்மாவின் பெயர். கலஹாத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பியபோது அவரிடம் வாங்கி, அந்த மலைப்பாதையில் ஓட்டியவர். யாழ்ப்பாணத்தவர், வேலையெல்லாம் விட்டு இப்போது பேராதெனியவில் இருக்கிறார். அவர் மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் கார் எனக்கு.

காரை அவர் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

“இது என்ர கார் இல்லைத் தம்பி. என்ர கார் பச்சை.”

“இதுதாங்கம்மா. நம்பரப் பாருங்க.”

“நம்பர் தகட்டை எந்தக் காரிலயும் பூட்டலாம். ஒருக்கா வெறும் பத்திரத்தில கையெழுத்து வச்ச கரைச்சலே போதும்.”

புத்தகத்தில் நிறமும் எழுதியிருந்ததாம், இங்கிலீஷில். சிவப்புப் பூசுமுன் அதை வாசித்துச் சொல்லும்படி ஒருவரிடம் கேட்க என் வீம்பு விடவில்லை. வீட்டில் மனைவி சும்மா இருப்பாளா?

“ஒரு வார்த்தைய வாசிச்சுச் சொல்லுன்னு கேட்டா, ஒங்க கிரீடம் கீழ விழுந்துருமாக்கும்?”

மறுநாள் மீட்டர் பலகையைக் கழற்றிக்கொண்டு காரோடு போனேன். அதன் பின்பக்கம் நான் சிவப்புப் பூசாத இடம். அங்கே பழைய பச்சை அப்படியே இருந்தது. அம்மா விரலால் தடவினார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“ஓம். இந்த நிறம்தான். முழுக் காரையும் இப்பிடியே பூசிக் கொண்டு வாரும், கையெழுத்து வைக்கிறன்.”

மாதக்கணக்கில் தேய்த்துப் பளபளக்கவைத்த சிவப்பு. நானே சுரண்டினேன். அந்தப் பலகையைப் பக்கத்தில் வைத்து வைத்துத்தான் பச்சையைக் கலந்தேன். அதே நிறம், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சொட்டுக்கூட வித்தியாசமில்லை.

இம்முறை அம்மா படியிறங்கி வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். பத்திரத்தை மடியில் வைத்தே கையெழுத்துப் போட்டார். ஆனால் இறங்கவில்லை.

“கார் இனி உம்மட. கலஹா வரைக்கும் ஒருக்கா ஓட்டும் பாப்பம்.”

ஏற்றம் தொடங்கியது. ஐம்பது வருடம் வண்டி ஓட்டியவன் நான்.

“இந்த வளைவுக்கு இரண்டாம் கியர், தம்பி.”

“சரிங்கம்மா” என்று போட்டேன். அவர் சொன்னதுதான் சரி.