டப்பாவுக்குள் அடித்த போன்

எங்கள் பட்டாசுக் கம்பெனி வாசலில், வருகைப் பதிவு எழுதும் என் மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே போகிறவர்கள் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். செல்போன் எல்லோர் கைக்கும் வரத் தொடங்கிய காலம். ஒருநாள் காலை அந்த டப்பா விடாமல் அதிர்ந்தது. என் வாயில் ஆரஞ்சு மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது.

மிட்டாய் கொடுத்தவர் வெடிமருந்து கலக்குகிறவர். எங்களுக்கு அவர் மருந்துக்காரர். அன்று விடியற்காலையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தீபாவளி சீசன், மனைவிக்குத் துணையாகத் தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். அடித்தது அவருடைய போன்தான். சொந்தபந்தம் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். அடுத்தவர் போனைத் தொடக் கூடாது என்று எனக்குப் பெரிய மனுஷத்தனம் வேறு. பதினொரு மணி டீக்கு வரும்போது பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழந்தை பிறந்த பிறகு அவர் மனைவிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. டாக்டர்கள் உடனே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வண்டியும் தயாராக நின்றது. "எம்மகன ஒரு வார்த்த கேக்காம எப்படி அனுப்ப?" என்று மாமியார் போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பதினொரு மணிக்குத்தான் மகன் எடுத்தார். விருதுநகர் போய்ச் சேருவதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர் போனை டப்பாவில் போட்டார். அவரே பேசினார். "நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி? எடுத்திருந்தா என்னையக் கூப்பிட்டிருப்பீக. 'கொண்டு போங்க'ன்னு சொல்லியிருப்பேன். நான் என்ன டாக்டரா? அதச் சொல்ல நான் எதுக்கு?"

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணமும் ஆனது. பந்தியில் சம்பந்தியம்மாவிடம் அவர், "எம்மகளுக்கு ஒண்ணுன்னா என்னையத் தேடாதீக. மொதல்ல வண்டியில ஏத்துங்க" என்றார். கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா என்று பலர் முகம் சுளித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது டப்பாவுக்குப் பதில் மர அலமாரி வந்துவிட்டது. யார் போன் அடித்தாலும் எடுத்துவிடுகிறேன். நிறையப் பேரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். போன மாதம் அடித்தது மருந்துக்காரர் போன். சம்பந்தியம்மா பேசினார்.

"மருமகளுக்குப் பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. விருதுநகருக்குக் கொண்டாந்து சேத்துட்டோம். கேக்குறதுக்குப் போடல, சொல்றதுக்குத்தான் போட்டேன்."

நானே ஓடிப்போய்ச் சொன்னேன். கை கழுவிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் பேத்தி பிறந்துவிட்டதாக மறுநாள் வந்து சொன்னார். மிட்டாய் எங்கே என்று வழக்கம்போல யாரோ கேட்டார்கள்.

"எம்மக வீட்டுக்கு வரட்டும்" என்றார்.

நேற்றுதான் கொண்டுவந்தார். அதே ஆரஞ்சு மிட்டாய். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அலமாரியில் ஏதோ ஒரு போன் அடித்தது. மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எடுத்தேன்.