உயரமான வண்டி தேடி வந்தவர்

ஆலை ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல், ரோஸ் ஹில்லில் ஒரு பழைய வண்டிக் கடையில் சேர்ந்தேன். மொரீசியசில் அப்போது நெசவாலைகளும் ஓட்டல்களும் பெருகி, கையில் காசு வந்தவர்கள் எல்லாம் வண்டி தேடினார்கள். ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலில் வந்த வண்டிகளைக் கழுவுவதும், வாங்க வருகிறவர்களோடு ஒரு சுற்றுப் போய் வருவதும் என் வேலை. எட்டாவது தாண்டாதவனுக்கு அது போதும். ஆலைப் பஞ்சு தந்த இருமல் மட்டும் கூடவே வந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை பாம்ப்ளமூசிலிருந்து ஒரு டாக்சிக்காரரும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு அறுபத்தைந்து இருக்கும். தாழ்வான தன் காரிலிருந்து இறங்க, கதவைப் பிடித்து இரண்டு முறை எம்பினார். மூன்றாவது முறை மனைவி கைகொடுத்து இழுத்தார். பேச்செல்லாம் அந்தத் தீவின் கிரியோல் மொழி. "தம்பி" மட்டும் தமிழ். நானும் அவரை மாமா என்றேன்.

"முட்டி போச்சு தம்பி. உசரமான வண்டி வேணும். கட்-கட்."

நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகைக்கு அங்கே அதுதான் பெயர்.

"இந்த வயசுல மலை ஏறப் போறாரு," என்றார் மனைவி.

"உன்ன ஏத்தறதுக்கே நாலு சக்கரம் வேணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓட்டல்ல சொல்லிட்டாங்க. சட்டுன்னு இறங்கி கதவு திறக்க முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கறாங்களாம்."

சின்ன ஜீப்பைக் காட்டினேன். ஏறுவதற்குள் மூச்சு வாங்கினார். பெட்ரோலும் அதிகம் குடிக்கும், குழியில் விழுந்தால் முதுகைப் பதம் பார்க்கும். அடுத்தது நீளமான டீசல் வண்டி, கிளட்ச் இல்லாதது.

"ஆட்டோமாட்டிக்கா? அது டாக்டர் பொண்டாட்டிங்க ஓட்டறது."

"இடது முட்டிக்கு வேலையே இல்ல மாமா."

இருக்கை அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை உள்ளே திருப்பினார். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். மூன்று முறை இறங்கி ஏறிப் பார்த்தார். இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டுவேன் என்று மனைவியிடம் சொன்னார். சரியான வண்டி கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் ஓட்ட, மூவரும் ஒரு சுற்றுப் போனோம். சரிவில் இறங்கும்போது முன்னால் ஒரு பஸ் நின்றது. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருந்தார். வண்டி நிற்கவில்லை. கைபிரேக்கை இழுத்தேன். பஸ்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றோம். குனிந்து பார்த்தால், பிரேக்குக்கு அடியில் ஒரு ரப்பர் செருப்பு சிக்கியிருந்தது.

"மாமா, செருப்பு எங்க?"

"கால்லதான் இருக்கு."

அவர் வலது கால் வெறுங்காலாக இருந்தது. எட்டிப் பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார்.

பின்னால் இருந்து மனைவி மெதுவாகச் சொன்னார்: "போன காவடில மத்தியானம் தார் உருகிப்போய்க் கிடந்துச்சு. எல்லாரும் குதிச்சுக் குதிச்சுப் போனாங்க. இவர் நிழல்ல நடக்கிற மாதிரி நடந்தாரு. முருகன் தாங்கறான்னு கோயில்ல எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

"சர்க்கரை இருக்கா மாமா?"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். நான் இடம் மாறி வண்டியைத் திருப்பி ஓட்டி வந்தேன். முதலாளி கேட்டார். யோசித்துச் சொல்வார்களாம் என்றேன்.

தங்கள் பழைய கார் பக்கத்தில் வந்ததும் அவர் ஓட்டுநர் கதவைத் திறந்து நின்றார். மனைவி அவர் கையிலிருந்து சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"இன்னைக்கு மட்டும்," என்றார் டாக்சிக்காரர்.

பாம்ப்ளமூஸ் வரை நான் ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் கையை நீட்டினார். "தா தம்பி. திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஓட்டல்ல ஆள் நிப்பாங்க."

கார் அவருடையது, பிழைப்பும் அவருடையது. என்னைப் பல இடங்களில் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் யாரையும் அனுப்பியதில்லை. சாவியை அவர் மனைவியின் கையில் வைத்தேன். மாமா திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மனைவி சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் காரின் முன் இருக்கையிலேயே, கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே போட்டபடி இருந்தார். இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

"பஸ் எங்க நிக்கும்னு தெரியுமா தம்பி?"

தெரியும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.