பிறக்கும் முன்னே தைத்த சட்டை

எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன வாரம் மல் துணி அரை மீட்டர் வாங்கி வந்து, கஞ்சி போக அலசிக் காயவைத்து, பிறந்த குழந்தைக்குப் போடுகிற அளவில் ஒரு சட்டை வெட்டினேன். மாமியார் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் தையல் மிஷினில் உட்கார்ந்தால், அடிநூல் போடுகிற பாபின் கேஸைக் காணோம்.

"அத்தே, அது எங்க?"

"எனுக்கின்னா தெரியும்," என்றார் கீரை ஆய்ந்துகொண்டே. அவர் முந்தானை முடிச்சில் அது புடைத்துக்கொண்டு தெரிந்தது. நான் பிடுங்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கையால் தைக்க ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்தில் பிறக்காத குழந்தைக்குத் துணி எடுக்க மாட்டார்கள், தைக்கவும் மாட்டார்கள். பிறந்த பிறகும், நன்றாக வளர்ந்த வேறொரு குழந்தையின் பழைய சட்டையைத்தான் முதலில் போடுவார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் போன வருடம், முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஏழு சட்டை தைத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான்கு வருடம் யார் யார் குழந்தைகளுக்கோ காலர் தைத்தவள் நான். என் குழந்தைக்கு மட்டும் தைக்கக் கூடாதாம்.

ஏழிலும் படம் வரைந்தேன். மொட்டை மாடியில் காயவைத்தால் எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வரும் சாம்பல் ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். முதல் சட்டையில் வரைந்த நண்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி ஃபேன் காற்றில்தான் காயவைத்தேன். ஒன்றில் கண்டெய்னர் லாரி. என் வீட்டுக்காரர் ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாமே, ஆறு சக்கரம்தான் போட்டுகினு கீற. இது இன்னா தண்ணி லாரியா?"

பிரஷ்ஷை வாங்கி மீதிச் சக்கரங்களை அவரே போட்டார். கடைசிச் சக்கரம் இடமில்லாமல் கைப் பக்கம் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஒம் புள்ள லைசென்ஸு எடுத்துட்டானா?" என்று கேட்டது. எல்லோரும்தான் சிரித்தோம். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் அசைவு நின்றது. ஆஸ்பத்திரியில் துடிப்பு இல்லை என்றார்கள். ஆனாலும் பெற்றுத்தான் ஆகவேண்டியிருந்தது. பையன். தலை நிறைய முடி.

"அத்தே, அலமாரில ஏழு சட்ட கீது. லாரி போட்டத எட்த்தாரச் சொல்லு," என்றேன்.

"சும்மாரு. அந்தச் சட்டைங்களாலதான் இந்தக் கதி."

வார்டில் கொடுத்த பச்சைத் துணியில் சுற்றி அவனை எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழு சட்டை வீட்டில் இருந்தது. என் பிள்ளை ஒன்றுகூடப் போடாமல் போனான். என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. நான் வீடு திரும்பியபோது அலமாரி காலி. மாமியார் எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டிருந்தார். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தெருப் பெண்கள், "தச்சாளாம், பெயிண்டெல்லாம் அடிச்சாளாம், அதான் பூட்ச்சி," என்று என் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள்.

முந்தாநாள், தையல் முடிகிற நேரத்தில் மாமியார் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"குட்த்துரு மே. ஒங் கால்ல வேணா வுழறேன்."

"நான் தைச்சதாலதான் அவன் செத்தான்றியா?"

"நான் அப்டியா சொன்னேன்?"

"ஊரே சொல்லிச்சி. நீ கேட்டுகினுதான இருந்த. ஒனக்கும்தான் ரெண்டு பூட்ச்சி. அதுங்களுக்கு இன்னா தைச்ச நீ?"

என் வீட்டுக்காரருக்கு முன்னால் பிறந்து இறந்த இரண்டு பெண் குழந்தைகள். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன், நிறுத்தவும் இல்லை.

"ஒண்ணும் தைக்கல," என்றார். "ஒரு துண்டுத் துணிகூட வாங்கல."

"அப்பறம் எதுல சுத்தி எட்த்துகினு போனாங்க?"

"ஒங்க மாமனாரு கைலில." என்றார். "ரெண்டுத்துக்கும் ஒரே கைலி. பெரிசுக்கு பாதி கிழிச்சது. மீதிய வெச்சிருந்தேன். அது சின்னதுக்கு ஆச்சி."

இது எனக்குத் தெரியாது. அவர் விரலால் சட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நாடா மட்டும் வெக்காத. முழுசா முடிக்காம வுடு. நல்லபடியா பொறக்கட்டும், நானே தைச்சிக் குடுக்கறேன்."

அவர் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது. அழுகை வந்தது. ஆனாலும் தலையாட்டவில்லை.

"முடிச்சிதான் வெப்பேன் அத்தே. உசுரோட வந்தா போட்டுக்கும். இல்லன்னாலும் போட்டுக்கும். வார்டு துணில இன்னொரு வாட்டி எம் புள்ள போவாது."

"வாயக் கழுவுடி," என்றார். பிறகு மெதுவாக, "எனுக்கு பயமாகீது."

"எனுக்கும்தான்."

நான்கு நாடாவையும் அவர் எதிரிலேயே தைத்தேன். அவர் எழுந்து போகவில்லை. நேற்று அதில் ஒரு இறால் வரைந்தேன், கத்தரிப்பூ நிறத்தில், மீசை இரண்டு தோளையும் தொடுகிற மாதிரி. இன்று காலை உள்பக்கம் திருப்பி அயர்ன் பண்ணினேன். அடுத்ததையும் வெட்டி வைத்துவிட்டேன்.

செக்கப்புக்கு எடுத்துப் போகிற பையில் ஸ்கேன் ஃபைலுக்கு மேலே அந்தச் சட்டை இருக்கிறது. எங்கே போனாலும் பை என் தோளில்தான் இருக்கும். இந்த முறை எடுத்து வரச் சொல்லி யாரையும் கேட்க மாட்டேன்.