மூக்கன் கடித்த கை

பூட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ‘ஊமைப்பூட்டு’ என்று பட்டப்பெயர். சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறியடித்து வருகிறவர்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் “ம்” என்பார். மிஞ்சிப்போனால் “ஆகட்டும்” என்பார். வீட்டிலும் அதே கதைதான். மூக்கனிடம் மட்டும் வாய் ஓயாது. சாயங்காலம் வந்ததும் அந்த நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, யார் வீட்டுப் பீரோ திறக்கவில்லை, எவன் பூட்டுக்குள் குச்சியை விட்டு ஒடித்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். சமையலறையில் இருக்கும் மனைவிக்குக் கடைச் செய்தியெல்லாம் நாய் வழியாகத்தான் வந்து சேரும். பிள்ளையில்லாத வீடு, ஏழு வருஷத்துக்கு முன்னால் மழைக்குக் கடை ஷட்டருக்கடியில் ஒதுங்கிய குட்டி அது.

அன்றைக்கு மூக்கன் சோற்றைத் தொடவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகியது. முன்காலால் தாடையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

“என்னத்தடா கவ்வின? காட்டு” என்று மண்டிபோட்டு அதன் வாயைப் பிளந்தார். சிக்கிக்கொண்ட எத்தனையோ பூட்டைத் திறந்தவருக்கு இது ஒரு பெரிய காரியமா என்ற நினைப்பு. கடைவாயில் விரல் பட்டதுதான் தாமதம், கட்டைவிரலுக்குக் கீழே பல் ஆழமாக இறங்கிவிட்டது. அடுத்த நொடியே மூக்கன் விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது.

அவர் கைக்குட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்தார். ரொட்டிக்கடை வேலை முடிந்து வந்த மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவர் இடது கையால் வாங்கினார்.

“அந்தக் கை என்னாச்சு?”

“அரம் கிழிச்சிருச்சு.”

அவள் கைக்குட்டையை அவிழ்த்தாள். “அரத்துக்குப் பல்லு இருக்கு, சரி. மேலயும் கீழயுமா கடிக்கும்?” என்றாள். பேச்சை வளர்க்காமல் அவரைக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துப்போய், கையைத் தண்ணீருக்கடியில் பிடித்துச் சோப்புப் போட ஆரம்பித்தாள்.

“போதும்மா.”

“பதினஞ்சு நிமிஷம் கழுவணும். மூக்கனுக்கு மொத ஊசி போட்டப்ப அந்த டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. நீங்க நாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

சோப்பு எரிந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை நேரம் அவர் கையை அவள் பிடித்துக்கொண்டிருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் குழாயையே பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

“போன வருஷம் அவனுக்கு ஊசி போடல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். நடுநடுங்கிப் போயிட்டான். மனசு கேக்கல, திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன். உங்கிட்ட போட்டாச்சுன்னு சொன்னேன்.”

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தேய்த்தது.

“இப்ப டாக்டர்கிட்ட போனா நாய் எங்கன்னு கேப்பாங்க. எச்சில் வேற ஒழுகுது. வெறின்னு சொல்லி அவனப் புடிச்சுக் கொண்டுபோய்...”

“அவன் போயிட்டா உங்க தோள்ல சாஞ்சு அழுவேன்” என்றாள் அவள். “நீங்க போயிட்டா நான் யார்கிட்ட அழறது?”

அவர் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். அறைக் கதவை இழுத்துச் சாத்தி மூக்கனை உள்ளேயே விட்டுவிட்டு, காயத்தில் எதையும் பூசாமல், கட்டும் போடாமல் கிளம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காயத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாக் கழுவிட்டுத்தான் வந்திருக்கீங்க” என்றாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சிஸ்டர், நாய் எப்படி இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் ஊசி போட்டுக்கலாமா?”

“வேணாம் சார். இந்த நோய் வந்துட்டா அப்புறம் காப்பாத்த வழியில்ல; வராமத் தடுக்கத்தான் முடியும். அதனால ஊசிய இன்னைக்கே ஆரம்பிச்சிடணும். காயம் ஆழமா இருக்கறதால அதச் சுத்தியும் மருந்து போடுவாங்க. நாயக் கொல்ல வேணாம். கட்டிவெச்சுப் பத்து நாள் கவனிங்க. ஆனா அத மாட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களா வாயில கைய விடாதீங்க.”

‘கொல்ல வேணாம்’ என்ற சொல்லுக்குப் பிறகு அவருக்கு ஊசி வலித்ததா என்பதே நினைவில்லை.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். முரட்டுக் கையுறையோடு, மூக்கனுக்கு மயக்க மருந்து கொடுத்து, கடைவாயில் குறுக்காகச் சிக்கியிருந்த எலும்புத் துண்டை இடுக்கியால் எடுத்தார். “எச்சிலுக்குக் காரணம் இதுதான். அதுக்காக அசந்துடாதீங்க, பத்து நாளும் தனியாத்தான் இருக்கணும்” என்றார்.

மூக்கனைக் கொல்லைக் கொட்டகையில் கட்டினார்கள். தட்டை நீளக் குச்சியால் தள்ளிவைப்பதோடு சரி, தொடக்கூடாது. பேசாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை, அவ்வளவு தூரத்திலிருந்து கத்திப் பேசவும் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் அடுப்படி வாசலில் வந்து நின்றார். “அந்த மாடி வீட்டுக்காரர் இன்னைக்கும் சாவியத் தொலைச்சிட்டார்” என்றார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, முறத்தோடு ஒரு கைப்பிடி பீன்ஸை அவர் பக்கம் நகர்த்தினாள். “நார் உரிச்சுக்கிட்டே சொல்லுங்க.”

அடுத்தடுத்த ஊசிக்கெல்லாம் சொன்ன தேதியில் போனார். ஆனாலும் காலையில் எழுந்ததும் கால் தன்னால் கொல்லைப் பக்கம்தான் நடந்தது. மூக்கன் தண்ணீர் குடிக்கிறதா, சோறு தின்கிறதா, பெயரைச் சொன்னால் வால் ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பல் தேய்ப்பார்.

பத்து நாளும் தாண்டின. மூக்கன் கொழுக்மொழுக் என்று இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னதும், மிச்ச ஊசியில் எதைப் போடவேண்டும், எதை நிறுத்தலாம் என்று அவர் விளக்கினார். கட்டை அவிழ்த்துவிட்டதும் மூக்கன் ஓடிவந்து மேலே விழுந்து முகமெல்லாம் முகர்ந்தது.

அந்த வாரமே மூக்கனுக்கும் ஊசி போடக் கூட்டிப்போனார்கள். கால்நடை ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் அது வழக்கம்போல் நடுங்கியது. அவர் குனிந்து தூக்கிக்கொண்டார். முடிந்து வெளியே வந்ததும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் காலடியில் போய் நின்றது.

“கோவமாம்” என்றாள் அவள்.

“இருக்கட்டும்” என்றார் அவர். “வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சரியாயிடுவான்.”

அவர்கள் மெதுவாக நடந்தார்கள். மூக்கன் தெருமுனை வரைக்கும் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.