கடல் இருந்த பக்கம்

இதில் நான் சரிபார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். அடக்கத்தால் அன்று. என் நினைவு பொய் என்று ஒருமுறை என் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. அந்த வழக்கை எழுதும்போது எதிர்த்தரப்புக்கு ஓர் ஓட்டையும் விட்டுவைக்க எனக்கு விருப்பமில்லை. நிழற்படம் என்னிடம் இருக்கிறது. ஓவியமும் இருக்கிறது. பேசப்பட்டவற்றை அன்றன்றே ஓவியப் பலகையின் பின்புறத்தில் கரிக்கோலால் குறித்து வைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். விசுவமடுவுக்கு அருகே, குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில், நெல் மூடைகள் அடுக்கிய அறைக்கு மட்டுமே வடக்குப் பார்த்த சன்னல் இருந்தது. அங்கேதான் வரைந்தேன். மூடைகள் உயர்ந்தால் சன்னலின் பாதி மறையும். நெல் விற்ற பின்பே ஒளி முழுமையாகக் கிடைக்கும்.

கணவரின் தமக்கையான மச்சாளோடும் அவர் கணவரோடும் திருகோணமலைக்குப் போய்வந்தேன். கடலோர மேட்டுப்பாதை ஒன்றில் மச்சாளும் நானும் முன்னே ஏற, அவர் கணவர் பின்னால் நின்று எங்களைப் படம் பிடித்தார். வவுனியாவில் அச்சிட்ட அந்தச் சிறு கறுப்பு வெள்ளைப் படத்தைச் சன்னலில் குத்திவைத்து, இரண்டு பெண்களின் முதுகையும் பாதையையும் கடலையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினேன். கடலை இடப்பக்கம் வைத்தேன். நிழற்படத்தில் அது வலப்பக்கம் இருந்தது. கண்டேன், கண்டும் மாற்றவில்லை.

வவுனியாவில் நடக்கவிருந்த ஓவியக் காட்சிக்குப் படம் தெரிவு செய்தவர் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். மூல நிழற்படத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, கடல் பக்கம் மாறி வந்திருக்கெல்லோ?"

"ஏறிப் போகேக்கை காத்து என்ரை இடக் கன்னத்திலைதான் அடிச்சது, ஐயா."

"கன்னத்தைச் சாட்சிக்குக் கூப்பிடேலாது. கமரா பொய் சொல்லுமோ?"

"இந்த முறை சொல்லியிருக்கு."

அவர் சிரித்தார். "கடலை மாத்திக்கொண்டு வாங்கோ. நடுச் சுவரிலை தூக்குவம்."

ஊருக்கு வெளியே என் ஓவியம் ஒன்று சுவரேறுவதற்கு அதுவே முதல் வாய்ப்பு. கணவரும் அதைத்தான் நினைவூட்டினார். "அந்தாள் சொல்லுறமாதிரி ஒரு பூச்சுப் பூசிவிடுமன். கடல் கோவிக்கப் போகுதே?"

"கடல் கோவியாது. நான் கோவிப்பன்."

மச்சாளிடம் கேட்டேன். கடல் எந்தப் பக்கம் என்று அவருக்கு நினைவில்லை. "கால் நோவிலை ஏறினனான், கடலையே பாத்தனான்?" என்றவர், நிழற்படத்தைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார்.

"இதென்ன கோலம்! என்ரை சேலைத் தலைப்பு எப்ப வலத் தோளிலை ஏறினது?"

நான் பறித்துப் பார்த்தேன். அவர் தலைப்பு வலத் தோளால் முதுகில் தொங்கியது. என்னுடையதும் அப்படியே. எங்கள் பெண்கள் எவரும் அப்படி உடுப்பதில்லை. படச்சுருளைப் புறம் மாற்றி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள், இடம் வலமாகிவிட்டது. கடலுக்காக வழக்காடிய நானோ, கடலைக் கண்டுபிடித்த ஆசிரியரோ சேலையைக் கவனிக்கவில்லை. ஓவியத்தில் என் தூரிகை தலைப்பை இடத் தோளிலேயே போட்டிருந்தது. கை தன் பழக்கத்தில் செய்த திருத்தம் அது.

மறுநாளே இரண்டு படங்களோடும் பேருந்தேறினேன். சேலைத் தலைப்புகளைக் காட்டியதும் ஆசிரியர் நிழற்படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"அண்டைக்கு ரெண்டு பேரும் மாத்தி உடுத்திருக்கலாமெல்லோ?"

"உங்கடை வீட்டிலை அவா அப்பிடி உடுக்கிறாவோ எண்டு கேட்டுப்பாருங்கோ, ஐயா."

அவர் ஓவியத்தை வாங்கி உள்ளே வைத்தார். ஓவியம் நடுச் சுவரிலேயே தொங்கியது. காட்சி தொடங்கிய காலையில் போய்ப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில், அவர் கையெழுத்தில், ஒரே சொல்: 'கற்பனை'.

"இதை எடுத்துப்போட்டுக் 'கண்டது' எண்டு எழுதுங்கோ."

"பிள்ளை, படமும் நிழற்படமும் ஒத்துவராட்டி அப்பிடித்தான் எழுதுறது வழக்கம். ஒரு சொல்லுத்தானே, விடுங்கோ."

"ஒரு சொல்லுத்தானே, மாத்துங்கோ."

அவர் மாற்றவில்லை. நான் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, ஓவியத்தைக் கழற்றினேன். வந்திருந்தவர்கள் வழி விட்டார்கள். சீட்டைச் சுவரிலேயே விட்டு வந்தேன், அது அவருடையது. பேருந்தில் பலகையை மடியில் நிறுத்திப் பிடித்து வந்து, நெல் மூடைகளுக்கு எதிரே மாட்டினேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. கடல் இடப்பக்கம்.

எனக்குத் தெரியாதவை இவை. படச்சுருள் தவறுதலாகப் புறம் மாறியதா, எவரேனும் வேண்டுமென்று மாற்றினார்களா என்பது தெரியாது. காட்சி முடியும்வரை அந்தச் சீட்டு வெற்றுச் சுவரில் இருந்ததா என்பதும் தெரியாது. அன்று கடல் நான் தீட்டிய நீலத்தில்தான் இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.